செம்மண்ணில் விழுந்த நீர்: ஒரு குறுந்தொகைப் பாட்டின் உவமையும் நம் வாசிப்பும்

திருமண வழிபாட்டில் அருளுரை ஆற்றும் ஆயர்கள் சங்க இலக்கியத்திலிருந்து எடுத்தாளும் பாட்டுகள் மிகச் சிலவே. அவற்றுள் முதலிடம் பெறுவது குறுந்தொகையின் 40-ஆம் பாட்டு எனலாம். மண அழைப்பிதழ்களிலும் மேடைப் பேச்சுகளிலும் அது இடம்பெறுகிறது. இலக்கியப் பயிற்சி இல்லாதாரும் அதன் உவமையை அறிவர். ஐந்தே அடிகளாலான ஒரு பாட்டு இருபது நூற்றாண்டுகள் கடந்தும் இவ்வாறு வழங்குவது தமிழுக்குப் பெருமையே. ஆயினும், எளிதில் வாய்க்கு வரும் பாட்டு எளிதில் விளங்கிவிட்ட பாட்டாகாது. மண்ணும் நீரும் கலந்ததுபோல் கணவனும் மனைவியும் ஒன்றாக வேண்டும் என்று சொல்லி முடித்ததும் மண்ணும் மறக்கப்படுகிறது, நீரும் மறக்கப்படுகிறது. அறிவுரை மட்டும் எஞ்சுகிறது. உவமை பழத்தின் தோல்போல் உரித்தெறியப்படுகிறது.

இவ்வாசிப்பு முறை சரியானதா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய விழையும் பொருள். இயற்கையிலிருந்து பிறந்த உவமையின் ஆழம், அவ்வியற்கைப் பொருளை நாம் எவ்வளவு உண்மையாக அறிகிறோமோ அவ்வளவே நமக்குப் புலனாகும் என்பது நம் முடிபு. இராணிப்பேட்டையிலும் அதனைச் சூழ்ந்த தோல் தொழில் வட்டாரத்திலும் பணிபுரியும் அருட்பணியாளர்க்கு இது இலக்கிய நயம் பற்றிய வினா மட்டுமன்று என்பதையும் இறுதியில் காண்போம்.

1. பாட்டும் அதன் அமைப்பும்

கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாட்டுகளைக் கொண்ட குறுந்தொகை முதன்முதல் அச்சேறியது 1915-ஆம் ஆண்டில். அதனைப் பதிப்பித்து உரை வகுத்த திருமாளிகைச் சௌரிப்பெருமாள் அரங்கனார் வாணியம்பாடியில் தமிழாசிரியப் பணி செய்தவர். ஆக, இப்பாட்டு அச்சுருவில் தமிழுலகுக்குக் கிட்டியதில் நம் பாலாற்று வட்டாரத்திற்கும் பங்குண்டு. பின்னர் 1937-இல் உ. வே. சாமிநாதையர் தம் விரிவான உரையுடன் வெளியிட்ட பதிப்பு, நூலைக் கற்போர் அனைவர்க்கும் அடிப்படையாயிற்று.

பாட்டின் கருத்தை நம் சொற்களில் சுருக்கிக் கூறலாம். தலைவன் தலைவியை நோக்கிப் பேசுகிறான். முதலில் மூன்று வினாக்கள் எழுகின்றன: நம் அன்னையர் இருவரும் ஒருவர்க்கொருவர் என்ன உறவு? நம் தந்தையர் எவ்வகையில் சுற்றத்தார்? நீயும் நானும் ஒருவரையொருவர் முன்னர் எங்ஙனம் அறிந்தோம்? இவ்வினாக்கள் எவற்றிற்கும் விடை கூறப்படவில்லை. விடையின் இடத்தில் ஓர் உவமை வந்து நிற்கிறது: செந்நிலத்தில் பெய்த மழைநீர்போல், அன்புடைய நெஞ்சங்கள் தாமாகவே கலந்துவிட்டன.

பாட்டின் கட்டமைப்பை இங்கே கூர்ந்து நோக்க வேண்டும். மூன்று வினாக்களும் மனிதர் வகுத்த உறவைப் பற்றியன: தாய்வழி, தந்தைவழி, முன்னறிமுகம். குலமும் குடியும் பார்த்து மணம் பேசும் சமூகம் முதலில் கேட்கும் வினாக்கள் இவையே. அவற்றைத் தலைவன் மறுக்கவில்லை. அவற்றை எழுப்பி, விடையின்றி விட்டு, நிலத்தையும் மழையையும் காட்டுகிறான். எனவே, இவ்வுவமை பாட்டின் ஈற்றில் சேர்த்த அணிகலன் அன்று. வினாக்களுக்கு வேறெவ்வகையிலும் கூற முடியாத விடை அது. உவமையை நீக்கினால் பாட்டில் வினாக்களே எஞ்சும்.

2. உவமையில் தலைமைச் சொல் எது?

இப்பாட்டைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் ஆண்ட உவமையே அவருக்குப் பெயராகிச் செம்புலப்பெயனீரார் என வழங்கலாயிற்று. ஓரேருழவனார், அணிலாடு முன்றிலார் என்பனவும் இத்தகைய பெயர்களே. தொகை நூலைக் காத்துத் தந்தோர் புலவரின் ஊரையோ குலத்தையோ தேடாமல், அவர் கண்ட காட்சியையே அவருக்கு அடையாளமாக்கினர். இது ஒரு திறனாய்வுத் தீர்ப்பே எனலாம்.

அப்பெயரைப் பிரித்து நோக்குவோம். செம்மை, புலம், பெயல், நீர் என நான்கு சொற்கள் ஒரு தொகையாய் நிற்கின்றன. தமிழ்த் தொடரில் இறுதியில் நிற்கும் பெயரே தலைமைப் பெயர். ஆகவே, இங்கு உவமையாய் நிற்பது நீர். எத்தகைய நீர்? மழையாய்ப் பெய்த நீர். எங்குப் பெய்தது? செந்நிலத்தில். மண் ஒரு பொருளாகவும் மழை மற்றொரு பொருளாகவும் அருகருகே வைக்கப்படவில்லை. மண்ணின் நிறத்தைத் தன்னுள் ஏற்றுவிட்ட ஒரே நீர் நம்முன் வைக்கப்படுகிறது.

ஏ. கே. இராமானுசன் 1967-இல் வெளியிட்ட சங்க அகப்பாட்டு மொழிபெயர்ப்புத் தொகுதி இப்பாட்டை உலகறியச் செய்தது. விக்ரம் சந்திரா 1995-இல் வெளியிட்ட ஆங்கிலப் புதினத்தின் தலைப்பும் அம்மொழிபெயர்ப்பின் வழி வந்ததே. அதன் அழகை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆயினும், ஆங்கிலத்தில் மண்ணும் மழையும் ‘உம்’ சேர்ந்த இரண்டு பெயர்களாய் நிற்கின்றன. தமிழிலோ ஒன்றே உளது. இரண்டை எண்ணிப் பின் கலக்கும் செயலைத் தமிழ்ப்பாட்டு காட்டவில்லை. கலந்தபின் உள்ள நிலையையே காட்டுகிறது. மணவுரைகளில் நாம் ‘மண் கணவன், மழை மனைவி’ என்று பங்கிட்டுக் கூறும்போது அறியாமலே ஆங்கில வடிவத்தையே விளக்குகிறோம்.

3. ஒப்புமை எங்கே நிற்கிறது?

தொல்காப்பியத்தின் உவமவியல், ஒப்புமை தோன்றும் நிலைக்களங்களை வினை, பயன், மெய், உரு என நான்காக வகுக்கிறது. மெய் என்பது வடிவம். உரு என்பது நிறம். இப்பாட்டில் முதலில் புலப்படுவது நிறம். வானின்று வீழும் நீருக்குத் தனக்கென நிறம் இல்லை; வீழ்ந்த கணத்தில் செந்நிறம் பெறுகிறது. அடுத்து வினை: கலத்தல். ஒருவர் கலக்காமல் தானே கலத்தல் என்பது இங்கு இன்றியமையாதது. பயனும் உண்டு என்பது நம் கருத்து. மழை ஏற்ற செம்மண்ணும் முன்போல் இருப்பதில்லை. அதன் நிறம் ஆழ்கிறது, மணம் எழுகிறது, வித்தை ஏற்கும் பதம் பெறுகிறது. நீர் மட்டுமன்றி நிலமும் மாறுகிறது.

இனி ஒரு தடையை எதிர்கொள்வோம். கலங்கிய செந்நீரைக் குடத்தில் முகந்து வைத்தால் மண் அடியில் படியும். நீர் மேலே தெளியும். தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் தேய்த்து நீரைத் தெளிவிக்கும் வழக்கம் நம் நாட்டில் பழமையானது. அங்ஙனமாயின் பிரியாமைக்கு இவ்வுவமை பொருந்துமா? பிரியக்கூடிய ஒன்றையல்லவா தலைவன் காட்டுகிறான்?

பாட்டிற்கு மரபாக அமைந்த துறைக்குறிப்பு நமக்குத் துணை செய்கிறது. தலைவனும் தலைவியும் முதன்முறை கூடியபின், அவன் பிரிந்து சென்றுவிடுவானோ என்று அவள் அஞ்சுகிறாள். அவ்வச்சத்தை அவள் வாய்விட்டுக் கூறவில்லை. அவள் முகக்குறிப்பில் கண்டு அவன் பேசுகிறான். எனவே இது மெய்ம்மை விளக்கும் கூற்றன்று. அஞ்சும் ஒருத்திக்கு அளிக்கும் வாக்கு. வாக்கு மீறப்படக்கூடும் என்பதாலேயே அது வாக்கு எனப்படுகிறது. தெளிந்து பிரியக்கூடிய நீரைத் தன் உறுதிக்குச் சான்றாக்குவதில் அவன் எவ்வளவு துணிகிறான் என்பதும், அவள் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு என்பதும் ஒருங்கே புலனாகின்றன. தடை பாட்டைத் தளர்த்தவில்லை. அதன் உயிர்ப்பைக் காட்டுகிறது. மண்ணையும் நீரையும் மறந்து அறிவுரைக்கு விரைபவர்க்கு இவ்வச்சம் தென்படுவதில்லை.

4. நம் விரைவும் அதன் கேடும்

உவமையைக் கடந்து விரைவது நம் காலத்தில் தோன்றிய பழக்கமன்று. நல்ல சமாரியன் உவமையில் எருசலேமைப் பரலோக நகரமாகவும், எரிகோவை மனிதனின் அழியும் இயல்பைக் குறிக்கும் நிலவாகவும், சத்திரத்தைத் திருச்சபையாகவும், சத்திரக்காரரைப் பவுல் அப்போஸ்தலராகவும் அகுஸ்தீன் விளக்கினார். ஒவ்வொரு சொல்லுக்கும் மறைபொருள் கிடைத்தது. வழியில் அடிபட்டுக் கிடந்த மனிதன் மட்டும் கண்ணைவிட்டு அகன்றான். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் யூலிகர் இம்முறையைக் கடுமையாக மறுத்து, உவமை ஒவ்வொன்றும் ஒரு கருத்தையே நாட்டுகிறது என்றார். 1935-இல் சி. எச். டாட், இயற்கையிலிருந்தோ அன்றாட வாழ்விலிருந்தோ எடுக்கப்பெற்று, கேட்பவரைச் சிந்திக்கத் தூண்டுமளவுக்கு ஐயத்தையும் விட்டுவைப்பதே உவமை என்று காட்டினார்.

நம் இலக்கண மரபில் இவ்வுணர்வு முன்னரே உண்டு. தொல்காப்பியர் உவமத்தை உள்ளுறை உவமம் என்றும் ஏனை உவமம் என்றும் இருவகைப்படுத்துவார். நாம் ஆராயும் பாட்டில் உள்ளது வெளிப்படையான ஏனை உவமம். உள்ளுறையோ விலங்கு, பறவை, மரம், பூ முதலிய கருப்பொருள்களைக் கூறி, அவற்றின் உள்ளே மாந்தர் வாழ்வின் செய்தியை மறைத்து வைப்பது. அகத்திணையியலில் அவர் விதிக்கும் ஒரு வரையறை இறையியல் மாணவர் உள்ளத்தில் பதிய வேண்டியது: தெய்வமும் கருப்பொருள்களுள் ஒன்றேயாயினும், உள்ளுறைக்கு அதனை நிலைக்களமாகக் கொள்ளலாகாது.

ஏன் இந்த விலக்கு என்று நாம் எண்ணிப் பார்க்கலாம். தெய்வத்தை உவமையின் கருவியாக்கினால் தெய்வத்தின் மாட்சியும் குறையும், பொருளின் மெய்ம்மையும் மங்கும் என்பது நாம் கொள்ளும் விளக்கம். பறவையைப் பறவையாகவும் மரத்தை மரமாகவும் முதலில் நிற்கவிட வேண்டும். நாமோ இயற்கைக் காட்சியொன்று கண்ணில் பட்டதும் அதன் வாயில் தெய்வத்தின் பெயரைத் திணிக்கிறோம். படைத்தவர் தம் படைப்பை நல்லதெனக் கண்டார் என்று அறிக்கையிடும் நாம், படைப்பை அதன் பொருட்டு ஒரு கணமும் நோக்க மறுப்பது முரண் அல்லவா?

திருமறையின் தீர்க்கதரிசிகள் இவ்வாறு விரையவில்லை. ஓசியா 6-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் தங்களிடம் மழையைப்போல் வருவார் என்று மக்கள் நம்பிப் பேசுகின்றனர். ஆண்டவரோ, அவர்கள் அன்பு காலை மேகத்தையும் விடியற்காலப் பனியையும் போல் மறைந்துவிடுகிறது என்கிறார். மழையும் நீர், மேகமும் பனியும் நீர். ஒன்று நிலத்தை நனைப்பது, மற்றது நிலத்தில் நில்லாமல் அகல்வது. ‘நீர் என்றால் இன்னது’ என்று அகராதி எழுதி வைத்துக்கொண்டு உவமைகளை விளக்குவோர் இவ்வதிகாரத்தில் தடுமாறுவர். நீர் என்ன செய்கிறது என்று நோக்குவோர்க்கே பொருள் விளங்கும். ஏசாயா 55-ஆம் அதிகாரத்திலும் இவ்வாறே. வானின்று இறங்கும் மழை நிலத்தை நனைத்து, முளைப்பித்து, விதைப்பவனுக்கு விதையும் உண்பவனுக்கு உணவும் தந்த பின்னரே மீளுவதுபோல் ஆண்டவரின் வார்த்தை செயல்படும் என்கிறார் தீர்க்கதரிசி. மழையை ஏற்று விளைவிக்கும் உயிருள்ள நிலம் ஒன்று உண்டு என்னும் அறிவின்மேல் அவ்வுவமை நிற்கிறது.

5. நம் நிலமும் நம் நீரும்

இராணிப்பேட்டை வட்டாரத்தில் செம்மண் நிலங்கள் மிகுதி. பாலாறு என்னும் பெயரும் ஒரு நிற உவமையைத் தன்னுள் கொண்டது. ஆயினும் இங்குள்ள நீரின் கதை பாட்டில் கண்ட கதையன்று. முன்னாளில் ஆவாரம்பட்டை கொண்டு தோல் பதனிட்ட தொழில், பின்னர்ப் பெருமளவில் குரோமிய உப்புகளுக்கு மாறியது. உப்பும் குரோமியமும் கலந்த கழிவுநீர் பல ஆண்டுகள் போதிய தூய்மிப்பின்றி நிலத்திலும் ஆற்றிலும் விடப்பட்டது. வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஏறத்தாழ 35,000 எக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றதாயிற்று என்னும் ஆய்வு முடிவை எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறி இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதில் அத்தீர்ப்புக்குப் பெரும் பங்குண்டு. 2025 ஜனவரியில் உச்சநீதிமன்றம் மீண்டும் பாலாற்றுச் சீர்கேட்டைக் குறித்துத் தீர்ப்பளிக்க நேர்ந்தது என்பதிலிருந்தே நோயின் நீட்சியை உணரலாம்.

தோல் பதனிடுதல் ஒன்றே காரணமன்று. இராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் குரோமேட் உப்புகளைத் தயாரித்து 1990-களின் நடுவில் மூடப்பட்ட ஆலை ஒன்று, இரண்டு இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவைத் திறந்த வெளியில் குவியலாய் விட்டுச் சென்றது. அக்குவியலின்மேல் மழை பெய்தால் நிகழ்வது என்ன? குரோமேட் நீரில் கரையும். கரைந்து மஞ்சள் நிறம் தரும். மண்ணினூடே இறங்கி நிலத்தடி நீரைச் சேரும். செம்புலப்பெயனீரார் கண்ட இயற்கை விதி இங்கும் பிழைபடவில்லை: நிலத்தில் உள்ளதை மழை ஏற்கிறது. நிலத்தில் நாம் எதை வைத்தோம் என்பதே வேறுபாடு.

முன்னர்க் கூறிய தேற்றாங்கொட்டையை இங்கு நினைவுகூர வேண்டும். செம்மண் கலந்த நீரில் மண் துகளாய் மிதக்கிறது. காலம் கொடுத்தால் படியும். குரோமேட் கரைந்த நீரில் படிய ஒன்றுமில்லை. அதனை எத்தனை நாள் குடத்தில் வைத்தாலும் தெளியாது. எந்தக் கொட்டையும் அதனைத் தெளிவிக்காது. பிரியக்கூடிய நீரைக் காட்டிப் பிரியேன் என்று தலைவன் வாக்களித்தான். நம் வட்டாரத்திலோ அவ்வாறு பிரியாத கலப்பை நிலம் தாங்கி நிற்கிறது. பாட்டின் உவமையைப் பொருளளவில் நின்று கற்றவர்க்கே இவ்வேறுபாடு உறைக்கும்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. இம்மஞ்சள் நீரைப் பாவத்திற்கு உவமையாக்கி அருளுரை ஆற்றுவது மிக எளிது. கேட்போர் உருகவும் கூடும். அது முன்னர்க் கண்ட அதே விரைவு. பாவத்தின் அடையாளம் என்று கூறிய அக்கணமே நீர் நம் கண்ணைவிட்டு மறைகிறது. கிணற்றுக்கு உரியவர் மறைகிறார். பொறுப்பேற்க வேண்டியவரும் மறைகிறார். 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்து 10 தொழிலாளர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். அச்சேற்றை எதற்கும் உவமையாக்க நமக்கு உரிமையில்லை. சில வேளைகளில் உவமை பேசாதிருப்பதே உவமைக்கு நாம் செய்யும் மரியாதை. தோல் தொழிலால் உண்டு வாழும் குடும்பங்களும், அதனால் கிணறிழந்த குடும்பங்களும் இவ்வட்டாரத்தில் அருகருகே வாழ்வதால், ஆயரின் சொல் இரு தரப்பாரும் அறிந்த உண்மையிலிருந்து பிறத்தல் வேண்டும்.

6. மாணவர்க்குச் சில நெறிகள்

இயற்கை உவமை அமைந்த சிறு பாட்டையோ திருமறைப் பகுதியையோ அணுகும் மாணவர்க்கு நான்கு படிகளை முன்வைக்கிறோம். முதலாவது, பொருளைப் பொருளாக அறிக: மண்ணின் வகை, நீரின் இயல்பு, பருவம் ஆகியவற்றை உழவரிடமும் கேட்டறிக. இரண்டாவது, யார் யாரிடம் எந்நிலையில் கூறியது என்று வினவுக. அச்சத்தில் இருப்பவளிடம் கூறியதை அமைதியான கோட்பாடாக மாற்றற்க. மூன்றாவது, ஒப்புமை எங்கே பொருந்துகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று காண்க. அது நின்றுவிடும் இடத்தை மறைக்காது கூறுக. நான்காவது, இம்மூன்றும் முடிந்தபின் ஆண்டவரைப் பற்றிப் பேசுக. இவ்வரிசையை மாற்றினால் ஆண்டவரைப் பற்றி நாம் பேசுவதும் வெறுஞ்சொல்லாய் முடியும்.

இந்நெறிகள் அருளுரையின் எழுச்சியைக் குறைத்துவிடும் என்று சிலர் அஞ்சலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. செம்புலப்பெயனீரார் மழையை நோக்கியதால்தான் அவர் சொல் நிலைத்தது. வாலாஜாவிலோ ஆம்பூரிலோ மணமேடையருகே நிற்கும் ஆயர் இப்பாட்டைக் கூறுவதற்குமுன், அம்மணமக்கள் குடியேறப்போகும் ஊரில் மழை எந்த மண்ணில் விழுகிறது, கிணற்றில் எந்த நீர் ஊறுகிறது என்று கேட்டறிந்திருப்பாராக. அதன்பின் அவர் அதைக் கூறும்போது பாட்டு தன் பழைய நிலைக்குத் திரும்பும்: அஞ்சுவதற்குக் காரணம் உள்ள ஒருத்தியிடம், அக்காரணத்தை அறிந்த ஒருவன் அளித்த வாக்காக.